டாம் லாண்டோஸ்: மனித உரிமைக்காரரா, போர் ஆதரவாளரா?

கேள்வி இதுதான்: ஹங்கேரியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 27 வருடம் இருந்த டாம் லாண்டோஸை ஒரு சாரார் மனித உரிமைப் போராளி என்கிறார்கள். இன்னொரு சாரார், இராக் போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர், இஸ்ரேலின் ஆள் என்கிறார்கள். இதில் எதை நம்புவது?

இரண்டுமே உண்மை. அதைவிட முக்கியம், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த வேர் 1944-ஆம் ஆண்டு புடாபெஸ்ட். அதைச் சொல்லாமல் அவருடைய வெளியுறவுக் கொள்கையைப் பேசினால், ஒரு ஓட்டுக்கும் இன்னொரு ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும்.

1928 பிப்ரவரி 1 அன்று புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1944 மார்ச்சில் ஜெர்மன் ராணுவம் ஹங்கேரிக்குள் நுழைந்தபோது அவருக்கு 16 வயது. அதுவரை ஹங்கேரி யூதர்கள் பெரும்பாலும் உயிரோடு இருந்தார்கள். அப்புறம் நடந்ததன் வேகம்தான் பயங்கரம். மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டே வாரங்களில், 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். அதற்குள் போரின் முடிவு கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. வதை முகாம்களில் என்ன நடக்கிறது என்று உலகத் தலைநகரங்களுக்கும் தகவல் போயிருந்தது. தெரிந்தும் யாரும் தடுக்கவில்லை. லாண்டோஸ் வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

அவரைப் புடாபெஸ்டுக்கு வடக்கே சோப் என்ற ஊரில் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். ரயில் பாலம் ஒன்றைச் செப்பனிடும் வேலை. தப்பி ஓடினார், பிடித்து அடித்தார்கள். மறுபடியும் ஓடினார். இந்தத் தடவை புடாபெஸ்ட் வந்து சேர்ந்துவிட்டார். அங்கே ராவுல் வாலன்பெர்க் என்ற சுவீடன் தூதரக அதிகாரி, சுவீடன் அரசின் பாதுகாப்பில் உள்ளவை என்று அறிவித்து வாடகைக்கு எடுத்த வீடுகளில் ஆயிரக்கணக்கான யூதர்களைத் தங்கவைத்திருந்தார். அப்படி ஒரு வீட்டில் லாண்டோஸுக்கு இடம் கிடைத்தது. பார்வைக்கு யூதர் மாதிரித் தெரியாததால், ராணுவப் பயிற்சி மாணவர் சீருடையை மாட்டிக்கொண்டு மற்ற பாதுகாப்பு வீடுகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தார். 1945 ஜனவரியில் சோவியத் படை ஊருக்குள் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். அம்மாவும் குடும்பத்தில் பெரும்பாலோரும் இல்லை.

1947-இல் கல்வி உதவித்தொகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா போனார். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார், 1953-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கினார். சின்ன வயதுத் தோழி அனெட்டை 1950-இல் திருமணம் செய்துகொண்டார். அவரும் புடாபெஸ்டிலிருந்து தப்பியவர்தான். பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் சான் பிரான்சிஸ்கோவில் பொருளாதாரப் பேராசிரியர், இடையிடையே தொலைக்காட்சியில் உலக நடப்பு அலசல். செனட்டர் ஜோ பைடனிடம் கொஞ்ச காலம் ஆலோசகராகவும் இருந்தார். தேர்தல் களத்துக்கு வரும்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

அவர் வந்த விதமும் விசித்திரம். அவர் பின்னாளில் ஜெயித்த தொகுதியின் அப்போதைய உறுப்பினர் லியோ ரயான் 1978 நவம்பரில் கயானாவில் ஜிம் ஜோன்ஸின் மதக்குழுவை விசாரிக்கப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் பில் ராயர் ஜெயித்தார். 1980 பொதுத் தேர்தலில் ரீகன் அலை நாடெங்கும் ஜனநாயகக் கட்சிக்காரர்களை அடித்துக்கொண்டு போனபோது, லாண்டோஸ் எதிர்நீச்சல் போட்டு ராயரைத் தோற்கடித்தார். யூத இனப்படுகொலையில் தப்பியவர்களில் அமெரிக்க காங்கிரஸில் உறுப்பினரானவர் அவர் ஒருவர்தான்.

சபைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் கையில் எடுத்தது வாலன்பெர்க் விவகாரம். 1945 ஜனவரியில் சோவியத் படை பிடித்துக்கொண்டுபோன வாலன்பெர்க் திரும்பி வரவே இல்லை. அவருக்கு அமெரிக்காவின் கௌரவக் குடியுரிமை தர வேண்டும் என்று லாண்டோஸ் மசோதா கொண்டுவந்தார். 1981 அக்டோபரில் ரீகன் கையெழுத்திட்டார். அதற்கு முன் அந்த மரியாதை கிடைத்திருந்த ஒரே ஆள் வின்ஸ்டன் சர்ச்சில். நன்றிக்கடன் என்று பார்த்தால் அழகான செயல். ஆனால் இதில் ஒரு கணக்கும் உண்டு: எங்கள் நாட்டுக் குடிமகன் எங்கே என்று மாஸ்கோவைக் கேட்க வாஷிங்டனுக்கு ஒரு பிடி கிடைத்தது. உணர்ச்சியையும் சட்ட நுணுக்கத்தையும் இப்படிச் சேர்த்துக் கோப்பது பின்னாளிலும் அவரிடம் தொடர்ந்தது.

1983-இல் குடியரசுக் கட்சியின் ஜான் போர்ட்டரோடு சேர்ந்து காங்கிரஸ் மனித உரிமைக் குழுவை ஆரம்பித்தார். இது சபையின் அதிகாரபூர்வ நிலைக்குழு கிடையாது. ஒரே அக்கறை உள்ள உறுப்பினர்கள் கட்சி பாராமல் கூடும் அமைப்பு, அவ்வளவுதான். சட்டம் இயற்ற முடியாது, சாட்சிகளை வரவழைத்துச் சத்தியம் வாங்க முடியாது. ஆனால் மேடை போட்டுக் கொடுக்க முடியும். 1987 செப்டம்பரில் தலாய் லாமாவை வாஷிங்டனுக்கு அழைத்தது இந்தக் குழுதான். திபெத்துக்கான ஐந்து அம்ச அமைதித் திட்டத்தை அவர் வெளியிட்டதும் அங்கேதான். அமெரிக்க அரசாங்கம் சீனாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கிய காலம் அது. சட்டமன்றத்தில் இருக்கும் ஒருவர் அரசாங்கத்தின் கொள்கையை மாற்றாமலேயே அதற்குத் தர்மசங்கடம் உண்டாக்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

சீனாவின் விஷயத்தில் அவர் கடைசி வரை இறங்கி வரவில்லை. 2000 ஒலிம்பிக்கைப் பெய்ஜிங்குக்குத் தரக்கூடாது என்று 1993-இல் தீர்மானம் கொண்டுவந்தார், சபை ஏற்றது. அந்த வாய்ப்பு 45-க்கு 43 என்ற ஓட்டில் சிட்னிக்குப் போனது. ஒலிம்பிக் கமிட்டியில் அந்தத் தீர்மானம் எத்தனை ஓட்டை மாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் பெய்ஜிங் அதை மறக்கவில்லை.

இந்த இடத்தில் யாஹூ கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஷி தாவோ என்ற சீனப் பத்திரிகையாளர், தியானன்மென் நினைவு நாளை (1989-இல் பெய்ஜிங் சதுக்கத்தில் மாணவர் போராட்டம் நசுக்கப்பட்ட நாள்) எப்படிக் கையாள வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு வந்த அரசு உத்தரவை 2004-இல் யாஹூ மின்னஞ்சல் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பினார். சீன போலீஸ் கேட்டது, யாஹூ கணக்கு விவரத்தைக் கொடுத்தது. அவருக்குப் பத்து வருடச் சிறை. 2006 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ நான்கையும் கூப்பிட்டு நடந்த விசாரணையில், உங்கள் தலைவர்களுக்கு இரவில் எப்படித் தூக்கம் வருகிறது என்று லாண்டோஸ் கேட்டார். 2007 நவம்பரில் அவரே வெளியுறவுக் குழுவின் தலைவர். யாஹூவின் ஜெர்ரி யாங்கை எதிரில் உட்கார வைத்து, பின்வரிசையில் ஷி தாவோவின் தாயாரையும் உட்கார வைத்தார். தொழில்நுட்பத்திலும் பணத்திலும் நீங்கள் ராட்சதர்கள், ஒழுக்கத்தில் குள்ளர்கள் என்றார். திரும்பி அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொன்னார். யாங் எழுந்து திரும்பித் தலைகுனிந்தார். ஒரு வாரத்தில், அந்தக் குடும்பங்கள் தொடுத்திருந்த வழக்கில் யாஹூ சமரசத்துக்கு வந்தது.

நாடகம் என்று சொன்னவர்கள் உண்டு. நாடகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடைய தொகுதி சிலிக்கான் பள்ளத்தாக்கை ஒட்டியது. தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊழியர்களும் பணமும் சூழ்ந்த பகுதியில் ஓட்டு வாங்கிக்கொண்டு அந்த நிறுவனங்களையே இப்படிப் பேச எல்லோருக்கும் துணிவு வராது.

சரி, இப்போது இருண்ட பக்கம். 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்துக்கொண்டார். அக்டோபர் 10 அன்று லாண்டோஸும் போர்ட்டரும் நடத்திய மனித உரிமைக் குழுக் கூட்டத்தில் நயீரா என்ற பதினைந்து வயதுப் பெண் சாட்சி சொன்னாள். குவைத் மருத்துவமனையில் இராக் சிப்பாய்கள் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை வெளியே எடுத்துத் தரையில் சாகப் போட்டதைக் கண்ணால் பார்த்ததாக அழுதுகொண்டே சொன்னாள். குடும்பத்தின் பாதுகாப்புக்காக முழுப்பெயர் வெளியிடப்படவில்லை என்றார்கள். அதிபர் புஷ் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டர்கள் மேற்கோள் காட்டினார்கள். 1991 ஜனவரியில் செனட் 52-க்கு 47 என்ற நூலிழையில் போருக்கு அனுமதி கொடுத்தது.

ஒரு வருடம் கழித்துத்தான் குட்டு உடைந்தது. நயீரா, அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அதற்குப் பணம் குவைத் அரசின் பின்னணியில் இயங்கிய ஓர் அமைப்பிலிருந்து வந்தது. மனித உரிமைக் குழுவோடு தொடர்புடைய அறக்கட்டளை ஒன்று அதே நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில்தான் குறைந்த வாடகைக்கு இடம் பிடித்திருந்தது. மனித உரிமை அமைப்புகள் போருக்குப் பிறகு போய் விசாரித்தபோது இன்குபேட்டர் கதைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. இதில் லாண்டோஸுக்கு எதிரான பெரிய குற்றச்சாட்டு, அந்தப் பெண் யார் என்று அவருக்கு முன்பே தெரியும் என்பது. அவரே அதை மறுக்கவில்லை. தெரிந்தும் சபை உறுப்பினர்களிடமும் பொதுமக்களிடமும் சொல்லவில்லை.

அதிகாரபூர்வக் குழு இல்லை என்று மேலே சொன்னேனே, அதன் விளைவு இங்கே வெடித்தது. சத்தியப் பிரமாணம் இல்லாத மேடையில் பொய் சொன்னால் சட்டப்படி குற்றம் கிடையாது. தலாய் லாமாவுக்கு வாய்ப்புக் கொடுத்த அதே தளர்வு, விலைக்கு வாங்கிய பிரச்சாரத்துக்கும் வாய்ப்புக் கொடுத்தது. என் கணிப்பில், காசுக்காக அவர் இதைச் செய்யவில்லை. அந்தக் கதை அவர் ஏற்கெனவே நம்பிய ஒன்றோடு கச்சிதமாகப் பொருந்தியது: ஒரு கொடுங்கோலன், பலியாகும் குழந்தைகள், வேடிக்கை பார்க்கும் உலகம். 16 வயதில் இதை நேரில் கண்டவருக்கு, மறுபடி அதே காட்சியைச் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தோன்றவில்லை. அதனால் அவருடைய பொறுப்பு கொஞ்சமும் குறையாது.

2002-இல் இதுவே பெரிய அளவில் நடந்தது. இப்போது அவர் வெளியுறவுக் குழுவில் ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர். இராக் மீது படை செலுத்த இளைய புஷ்ஷுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அக்டோபர் 10 அன்று 296-க்கு 133 என்று நிறைவேறியது. (ஆம், மறுபடியும் அக்டோபர் 10. இன்னும் ஒன்று வருகிறது.) அவருடைய சொந்தக் கட்சியில் பெரும்பான்மையோர், 126 பேர், எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். லாண்டோஸ் ஆதரித்தார், பேச்சுகளில் 1930-களின் ஐரோப்பாவை இழுத்தார். அவருடைய தொகுதியோ போரெதிர்ப்பு ஊர்வலங்களுக்குப் பேர்போன சான் பிரான்சிஸ்கோவை ஒட்டியது. உள்ளூரில் நிறையத் திட்டு வாங்கினார். அப்படியும் ஒவ்வொரு தேர்தலிலும் சுலபமாக ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மனம் மாறினாரா? போர் நடத்தப்பட்ட விதத்தை முதலில் விமர்சித்தார், அப்புறம் போரையே. 2007 செப்டம்பரில், இராக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் பெட்ரேயஸ் அங்கே நிலைமை முன்னேறுவதாக அறிக்கை தர வந்தபோது, சபையின் இரண்டு குழுக்கள் சேர்ந்து நடத்திய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய இருவரில் லாண்டோஸ் ஒருவர். உங்கள் மீது மரியாதை உண்டு, ஆனால் இதை நான் நம்பத் தயாராக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். படைகள் திரும்ப வேண்டும் என்றார். ஐந்து வருடத்துக்கு முன் இந்தச் சந்தேகத்தைக் காட்டியிருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான்.

இதே தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு குடியேறியை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹென்றி கிஸிங்கரும் யூதர், ஜெர்மனியின் ஃபியூர்த் நகரில் பிறந்து 1938-இல் நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். ஐரோப்பா சிதறியதைப் பார்த்து அவர் கற்ற பாடம், ஒழுங்கும் அதிகாரச் சமநிலையும்தான் முதலில், அறம் அப்புறம் என்பது. லாண்டோஸ் நேரெதிர் பாடம் படித்தார். ஆகவே, பட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள், வாழ்க்கை வரலாறு கொள்கையைத் தீர்மானித்துவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லாண்டோஸ் விஷயத்தில் அவரே தன் கதையை அளவுகோலாகத் தேர்ந்துகொண்டார்.

கொடுங்கோலர்கள் மீது குண்டு போடு என்பதுதான் அவருடைய கொள்கை என்று நினைத்தால் அதுவும் தவறு. எதிரியோடு உட்கார்ந்து பேசுவதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. கடாஃபி 2003 டிசம்பரில் அணுத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்த சில வாரங்களில் லாண்டோஸ் திரிபோலியில் இருந்தார். 2005-இல் வடகொரியா போனார். 2007 ஏப்ரலில், புஷ் அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லியும் சபாநாயகர் நான்சி பெலோசி டமாஸ்கஸ் போனபோது கூடவே போனார். ஈரானுக்கும் போகத் தயார் என்று பலமுறை சொன்னார், தெஹ்ரான் விடவில்லை. 2006 ஏப்ரலில், 78 வயதில், டார்ஃபர் படுகொலைகளைக் கண்டித்து வாஷிங்டனில் சூடான் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார்.

இஸ்ரேல் விஷயத்துக்கு வருவோம். இங்கே அவரிடம் தயக்கமே இருந்ததில்லை, பெரும்பாலும் சுயவிமர்சனமும் இல்லை. 2001 செப்டம்பரில் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் அமெரிக்கக் குழுவில் இருந்தார். இஸ்ரேலை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று அமெரிக்காவும் இஸ்ரேலும் வெளியேறியபோது அதற்கு முன்நின்று வாதாடியவர் அவர். 2006 லெபனான் போருக்குப் பிறகு லெபனானுக்கான அமெரிக்க உதவியை, சிரியா எல்லை வழியாக ஆயுதம் வருவது நிற்கட்டும் என்று நிறுத்திவைத்தார். திபெத், டார்ஃபர், பர்மா என்று பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் மனிதர், பாலஸ்தீனர் என்று வந்ததும் பாதுகாப்பு என்ற மொழிக்குத் தாவிவிடுவார் என்ற குற்றச்சாட்டுக்கு அவருடைய ஆதரவாளர்களிடம் நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆர்மீனிய இனப்படுகொலைத் தீர்மானம் இன்னும் சிக்கலான கதை. 1915-இல் ஒட்டோமான் அரசு (இன்றைய துருக்கியின் முன்னோடி) ஆர்மீனியர்களுக்குச் செய்ததை இனப்படுகொலை என்று அமெரிக்கா அறிவிக்க வேண்டுமா? 2000-இல் லாண்டோஸ் எதிர்த்தார், காரணம் துருக்கி நட்பு நாடு. இனப்படுகொலையில் தப்பிய ஒருவர் இன்னொரு இனப்படுகொலையின் பெயரைச் சொல்ல மறுத்தது பலருக்கு வலித்தது. 2007-இல் குழுத் தலைவராக அவரே அதை ஓட்டுக்கு விட்டு ஆதரித்தார். அக்டோபர் 10 அன்று 27-க்கு 21 என்று குழு ஏற்றது. எட்டு முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் வேண்டாம் என்று கடிதம் எழுதியிருந்தார்கள், துருக்கி தன் தூதரைத் திரும்ப அழைத்தது. சபையின் முழு வாக்கெடுப்புக்கு அது வரவே இல்லை. மனச்சாட்சியா, இராக் போரில் துருக்கி ஒத்துழைக்கவில்லை என்ற கோபமா? இரண்டும் கலந்தது என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டுக்கும் இவரோடு ஒரு உரசல் உண்டு. 2005-இல் இந்திய-அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தப் பேச்சு தொடங்கிய நேரம். வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் ஈரானுக்குப் போய் இணக்கமாகப் பேசிவிட்டு வந்தார். செப்டம்பரில் நடந்த விசாரணையில் லாண்டோஸ் அவரைப் பெயர் சொல்லிக் கடுமையாகச் சாடினார்: எங்களிடமிருந்து இவ்வளவு வாங்கிக்கொண்டு ஈரான் விஷயத்தில் எங்கள் கவலையை மதிக்காமல் இருக்க முடியாது என்ற தொனி. அந்த மாதக் கடைசியில் சர்வதேச அணுசக்தி முகமையில் இந்தியா ஈரானுக்கு எதிராக ஓட்டளித்தது. மிரட்டலுக்குப் பணிந்ததாக இடதுசாரிகள் சொன்னார்கள், மன்மோகன் சிங் அரசு மறுத்தது. பிறகு லாண்டோஸ் ஒப்பந்தத்தின் முக்கிய ஆதரவாளராகி, குடியரசுக் கட்சியின் ஹென்றி ஹைடோடு சேர்ந்து மசோதாவை நகர்த்தினார். 2006 ஜூலையில் 359-க்கு 68 என்று பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. ஹைட் சட்டம் என்று நம் நாடாளுமன்றத்தில் அவ்வளவு அடிபட்ட பெயருக்குப் பின்னால் லாண்டோஸின் கையும் இருந்தது. ஒரு குழுவின் மூத்த உறுப்பினர் வாயைத் திறந்தால் ஒரு வெளிநாட்டு அரசு கணக்குப் போட வேண்டியிருக்கும் என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

அவருடைய நாக்கு பற்றியும் ஒரு வார்த்தை. ரஷ்ய எரிவாயுக் குழாய்த் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முன்னாள் ஜெர்மன் அதிபர் ஷ்ரோடரை அரசியல் விலைமாது என்று சொல்ல நினைத்ததாகவும், தன் தொகுதியில் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஆட்சேபித்ததால் விட்டுவிட்டதாகவும் 2007-இல் பொது மேடையில் சொன்னார். பெர்லின் கொதித்தது.

அமெரிக்க அரசியல் சட்டப்படி பிறப்பால் குடிமகனாக இல்லாதவர் அதிபராக முடியாது. பிரதிநிதிகள் சபைக்கு ஏழு வருடக் குடியுரிமை இருந்தால் போதும். ஆகவே லாண்டோஸ் எட்டக்கூடிய பெரிய வெளியுறவுப் பதவிகளில் குழுத் தலைமையும் ஒன்று. அது 2007 ஜனவரியில், 78 வயதில் கிடைத்தது. அனுபவித்தது பதின்மூன்று மாதம்தான். 2008 ஜனவரியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்றும் மறுபடி போட்டியிடப்போவதில்லை என்றும் அறிவித்தார். பிப்ரவரி 11 அன்று காலமானார்.

அவர் இறந்த அதே வருடம் பர்மாவின் மாணிக்கக் கற்களையும் ஜேட் கற்களையும் தடைசெய்யும் சட்டத்துக்கும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராக ஐந்து வருடத்தில் 4,800 கோடி டாலர் செலவிட அனுமதித்த சட்டத்துக்கும் அவருடைய பெயரை வைத்தார்கள். இரண்டாவதில் ஹைடின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அவர் போர்ட்டரோடு ஆரம்பித்த குழுவைச் சபை டாம் லாண்டோஸ் மனித உரிமை ஆணையமாக மாற்றி அதிகாரபூர்வ அங்கீகாரம் கொடுத்தது. தொகுதிக்கு அடுத்து வந்தவர் ஜாக்கி ஸ்பியர். 1978-இல் கயானாவில் லியோ ரயானோடு போய், ஐந்து குண்டு வாங்கிப் பிழைத்த அவருடைய உதவியாளர்.